தொகைநூலின் இணைய உலா: புலம்பெயர் தமிழ்க் கவிதைத் தொகுப்புகளும் அவற்றின் வாசகரும்

ஒரு நாவல் வெளிவரும்போது அதனை எழுதியவர் ஊர் ஊராகச் சென்று வாசகர் முன் நிற்கலாம். தனிக்கவிஞர் ஒருவரின் தொகுதிக்கும் இது பொருந்தும். பலருடைய கவிதைகளைக் கொண்ட தொகைநூலுக்கு அவ்வாறு நிற்பதற்கு ஒருவர் இல்லை. அதிலுள்ள கவிஞர் நாற்பதின்மராயின் அவர்களுட் சிலர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பர். சிலர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் இருப்பர். சிலர் இன்று உயிரோடு இரார். எனவே தொகுத்தவரே நூலுக்காகப் பேசவேண்டியவராகிறார். அவர் பேசுவதோ பெரும்பாலும் தொகுப்பு உருவான கதையாக அமையும். கவிதைகள் நூலுக்குள்ளேயே இருந்துவிடும். தமிழ்த் தொகைநூல்கள் பல ஒரு நகரத்தில், ஒரு மண்டபத்தில், ஒரு மாலைப்பொழுதில் வெளியிடப்பெற்று, அங்கு வந்த நண்பர்களின் கைகளோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு நூலை முன்வைத்துக் குறித்த சில வாரங்களுக்குள் வெவ்வேறு நகரங்களின் அமைப்புகளும் வாசகர் வட்டங்களும் அடுத்தடுத்து நடத்தும் இணைய அரங்குகளின் வரிசை இக்குறையைப் பெருமளவு நீக்கவல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆயின் அதனை விற்பனைக்கான விளம்பரமாக மட்டும் கருதி நடத்தினால், மண்டப விழாவின் குறைகள் யாவும் கணினித் திரைக்கு இடம்மாறுமேயன்றி வேறு பயன் விளையாது. கவிதைகளைத் தெரிவுசெய்தல், பாடங்களை ஒப்புநோக்குதல், குறிப்பெழுதுதல் என்பன போன்று, அவற்றை உரியவரின் குரலில் ஒலிக்கச்செய்து பதிந்து வைத்தலும் தொகுத்தற் பணியின் ஒரு கூறாகும். இவ்வாறு கொள்ளும்போதுதான் இணைய அரங்குகளை எப்படி ஒழுங்குசெய்வது, எதனை முதலில் வைப்பது, எதனை எங்கே ஒப்படைப்பது என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்கிறது.

பெயரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஆங்கிலத்தில் இதனை இணைய நூற்பயணம் என்னும் பொருள்பட வழங்குவர். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பயணச் செலவைத் தாங்கவியலாத எழுத்தாளர்கள் வலைப்பதிவு ஒவ்வொன்றிலும் ஒருநாள் விருந்தினராக இருந்து வாசகரின் வினாக்களுக்கு விடையெழுதும் வழக்கம் தோன்றியது. 2020இல் கொவிட் பெருந்தொற்று மண்டபங்களை மூடியபோது அது எழுத்திலிருந்து காணொளிக்கு மாறியது. கவிதை நூல்களுக்குப் பெயர்பெற்ற பிரித்தானியப் பதிப்பகமான பிளட்ஆக்ஸ் அவ்வாண்டு தொடக்கம் தன் புதிய நூல்களின் வெளியீட்டு வாசிப்புகளை நேரலையாக நடத்தி யூரியூப் தளத்திலும் இட்டுவருகிறது. நமக்கு இதற்கெனப் புதுச்சொல் தேடவேண்டிய தேவையில்லை. 'உலா' நம்மிடம் உண்டு. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா முதலாக, ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாக வளர்ந்த அவ்வகை நூல்களில் தலைவன் வீதியில் உலாவர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிரும் தத்தம் பருவத்துக்கு ஏற்ப அவனைக் கண்டு வெவ்வேறு வகையில் நிலைகுலைவர். அவர்கள் கண்ட தலைவன் ஒருவனே. ஒவ்வொரு பருவத்தாரும் கண்டது வேறு. இணைய அரங்குகளில் பதினேழு வயதினரும் எழுபத்தைந்து வயதினரும் ஒரே கவிதையைக் கேட்பதைப் பார்க்கையில் இவ்வொப்புமை வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றவில்லை. ஆகவே இங்கு 'நூலுலா' என்றே வழங்கப்படுகிறது.

தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்

தமிழில் தொகைநூல் எனும்போது நினைவுக்கு வருவன எட்டுத்தொகை நூல்கள். அவற்றைத் தொகுத்தவர், தொகுப்பித்தவர் என இருவகையினரைப் பழங்குறிப்புகள் பிரித்துக் கூறுகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவின் பெயர் நமக்குக் கிட்டியது. தொகுப்பித்தவர் பெயர் கிட்டவில்லை. நற்றிணைக்கு இது தலைகீழ்: தொகுப்பித்த பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதியை அறிவோம், தொகுத்தவரை அறியோம். புலமையாலும் பொருளாலும் நூலைத் தாங்கியோர் இருதிறத்தாரையும் பெயர்சொல்லிக் காக்க முயன்ற மரபு இது. கவிதைகளை யார், எந்த அவையில், எந்தக் குரலில் சொன்னார் என்பது மட்டும் அக்குறிப்புகளில் இடம்பெறவில்லை.

பிற்காலத்தில் அரங்கேற்றமும் சிறப்புப் பாயிரமும் சாற்றுகவியும் நூலை அவைக்கு அறிமுகஞ்செய்யும் பணியை ஆற்றின. இன்று நூலின் பின்னட்டையில் இடம்பெறும் பாராட்டு மொழிகளைக் கண்டு இது வணிகப் பண்பாட்டின் விளைவென வருந்துவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களின் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தல் நன்று. பக்கம் பக்கமாகச் சாற்றுகவிகள் வரிசையிடப்பட்டிருக்கும். முன்பணத் திட்டமும் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிடும் முன்னர் அன்பர்களிடம் 'கையொப்பம்' பெற்ற செய்தியை அவரது தன்வரலாற்றில் காண்கிறோம். நூல் அச்சேறுமுன் அதற்குரியவரைத் தேடிச் சென்று, பெயரெழுதி வாங்கி, அந்த நம்பிக்கையில் அச்சுக்கூடத்துக்குப் பணம் செலுத்தும் முறை அது. நூலை அறிவித்தலும் நூலை ஆக்குதலும் அங்கு இருவேறு பணிகளாக இருக்கவில்லை.

புலம்பெயர்ந்தோரின் சூழலில் இதற்கு அண்மையான முன்னோடி ஒன்றுண்டு. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நகரத்தில் கூடியது. நிலையான அலுவலகமோ தலைமையோ இன்றி, அந்தந்த நகரத்து நண்பர்கள் பொறுப்பேற்று நடத்தினர். ஐரோப்பிய நகரங்களிலிருந்து தொடர்வண்டியில் வந்து சேர்ந்தவர்களின் பைகளில் சிற்றிதழ்களும் கவிதை நூல்களும் இருந்தன. 2013இல் அது யாழ்ப்பாணத்திலும் கூடிற்று. நடத்துவோர் மாறிக்கொண்டே இருப்பதும், இடம் மாறுவதும், நூல்கள் அவர்களோடு பயணப்படுவதும் நூலுலாவின் இலக்கணமாயின், நம்மவர் அதனை இணையத்துக்கு முன்பே ஐரோப்பாவில் நிகழ்த்திக் காட்டிவிட்டனர்.

கைமாறிச் சென்ற நூல்கள்

எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. 'மரணத்துள் வாழ்வோம்' 1985இலும், பெண்களின் கவிதைகளைக் கொண்ட 'சொல்லாத சேதிகள்' 1986இலும் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தன. போர் முற்றிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஊரைவிட்டுப் புறப்பட்டோர் சான்றிதழ்களோடும் நிழற்படங்களோடும் இத்தகைய நூல்களையும் எடுத்துச் சென்றனர். புகலிட நாடுகளில் அவை படியெடுக்கப்பட்டுக் கைமாறின. விளம்பரம் என்று சொல்லத்தக்க எதுவும் அவற்றுக்கு இருக்கவில்லை. ஆயினும் ஈழத்துக் கவிதை பற்றிப் பின்னர் எழுந்த ஆய்வுகளில் இம்மூன்றையும் தவிர்த்துச் சென்றவை அரிது.

இவற்றை எடுத்துக்காட்டி, நல்ல தொகுப்பு தானாகவே வாசகரைச் சென்றடையும் என்று வாதிடுவோர் உளர். அந்நூல்களைச் சுமந்து சென்றது ஒரு சமூகத்தின் அவசரநிலை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அந்நிலை இன்றில்லை, இருக்கவேண்டும் என்று விரும்புவாரும் இலர். தொகுப்பில் இடம்பெறாதவற்றுக்கு நேர்ந்ததையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சிவரமணி 1991இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். இன்று அவருடைய கவிதைகளாக எஞ்சியிருப்பவை பிறர் கையில் இருந்தனவும் அச்சேறியிருந்தனவுமே. அவர் தம் கவிதையை எவ்வாறு வாசித்திருப்பார், எந்தச் சொல்லில் நின்றிருப்பார் என்பதை அறிந்தோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்குப் பின் அதுவும் இராது.

தொகுத்தவர்களின் குரல்களும் அவ்வாறே மறைகின்றன. ஈழத்துத் தமிழ் எழுத்தை 2001இலும், உலகளாவிய தற்காலத் தமிழ்க் கவிதையை 2013இலும் ரொறன்ரோவிலிருந்து ஆங்கிலத்தில் தொகுத்தளித்த பேராசிரியர் செல்வா கனகநாயகம் 2014இல் காலமானார். லக்ஷ்மி ஹோம்ஸ்ற்றோமும் சாஷா எபெலிங்கும் மொழிபெயர்த்த ஈழப்போர்க்காலக் கவிதைத் தொகுப்பை ஆர்க் பதிப்பகம் 2016இல் வெளியிட்டது. ஹோம்ஸ்ற்றோம் அவ்வாண்டு மே மாதமே மறைந்தார். வித்யன் ரவீந்திரன், செனி செனவிரத்ன, சாஷ் ட்ரெவெற் ஆகியோர் பதிப்பித்து 2023இல் பிளட்ஆக்ஸ் வெளியிட்ட தொகுப்போ தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட கவிஞர்களைக் கொண்டது. அத்தனை பேரையும் எந்த மண்டபமும் ஒருங்கு கொள்ளாது. பயணச்சீட்டுக்கும் நுழைவிசைவுக்கும் எந்தப் பதிப்பகமும் பணம் தராது. ஒரு கவிஞர் வவுனியாவில் தம் வீட்டு முற்றத்திலிருந்தும் இன்னொருவர் மொன்றியலில் தம் சமையலறையிலிருந்தும் ஒரே தொகுப்பின் அடுத்தடுத்த பக்கங்களை வாசிக்க இணையமே வழி.

காலத்தை வகுத்தல்

நூலுலாவில் முதலில் இடறுவது நேரம். இதனைச் சிறிய செய்தியாகக் கொண்டு பலர் கடந்துவிடுகின்றனர். நிகழ்வுகள் பல தோற்பதும் இங்கேதான்.

வடபுலக் கோடைகாலத்தில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு ரொறன்ரோவில் ஓர் அரங்கைத் தொடங்கினால் இலண்டனில் பிற்பகல் 2 மணி. பாரிசிலும் ஒஸ்லோவிலும் 3 மணி. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 6.30, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரவு 9, சிட்னியிலும் மெல்பேணிலும் இரவு 11. ஆஸ்திரேலியர் சற்றுத் துன்புற்றாலும் தமிழுலகம் முழுவதும் விழித்திருக்கும் நேரம் இது ஒன்றே. மாரிகாலத்தில் அதே ரொறன்ரோக் காலை 9 மணி சென்னைக்கு இரவு 7.30, சிங்கப்பூருக்கு இரவு 10, சிட்னிக்கு ஞாயிறு அதிகாலை 1 மணி ஆகிவிடும். அப்போது ஒரே அரங்கில் எல்லோரையும் கூட்ட முயல்வது வீண். ரொறன்ரோவில் வெள்ளி இரவு 8 மணிக்கு இன்னோர் அரங்கை வைத்தால் சிட்னியில் சனி நண்பகல் 12; சிங்கப்பூரில் காலை 9; சென்னையில் காலை 6.30. இலண்டனுக்கு அது நள்ளிரவுக்குப் பின் 1 மணி. அங்குள்ளோர் முன்னைய அரங்கில் பங்குபற்றட்டும். ஆக, மாரிகால உலாவுக்கு இருவேறு நேரங்களில் மாறிமாறி அமையும் அரங்குகள் வேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. வட அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது. ஐரோப்பா மார்ச் இறுதி ஞாயிறு மாற்றுகிறது. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் உள்ள இடைவெளி ஐந்து மணியிலிருந்து நான்காகக் குறையும். ஒக்டோபர் இறுதியில் ஒரு வாரம் அவ்வாறே நேரும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை கடிகாரத்தை மாற்றுவதேயில்லை. அழைப்பிதழில் 'இலண்டன் நேரம்' என்று மட்டும் அச்சிட்டு அனுப்புவோர் இதனை நினைவிற் கொள்வாராக. அறிவிப்பில் ஏழு நகரங்களின் நேரத்தையும் நாளையும் எழுதுவது அழகைக் கெடுக்கிறது என்று வடிவமைப்பாளர் சொல்லக்கூடும். கெடட்டும்.

எத்தனை அரங்குகள் என்பதற்கு என் அனுபவத்தில் ஐந்தோ ஆறோ போதும். வாரம் ஒன்றாக ஆறு வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும்; அதற்கு மேல் நீண்டால் நடத்துவோரே களைத்துவிடுவர். ஒவ்வோர் அரங்கையும் வெவ்வேறு நகரத்து அமைப்பு ஏற்க, அந்த அமைப்பே அழைப்பை வட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் தன் மொழியில் பரப்பவேண்டும். தொகுத்தவர் எல்லா அழைப்புகளையும் தாமே எழுதி அனுப்பினால் அது ஒரு மையத்திலிருந்து வரும் சுற்றறிக்கை ஆகிவிடும். சூம் தளத்தின் கட்டணமற்ற கணக்கு 40 நிமிடத்தில் அரங்கை முடித்துவிடும் என்பதையும் 100 பேருக்கு மேல் இடம் தராது என்பதையும் ஏற்பாட்டாளர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். கவிதை பாதியில் இருக்கும்போது திரை இருண்ட அரங்குகளை நான் கண்டிருக்கிறேன்.

முதலிற் கவிதை

நம் விழாமரபு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை என விரிந்தது. மண்டபத்தில் அதனைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. தேநீரும் வடையும் பழைய நண்பர்களும் உளர். திரையில் அவ்வாறில்லை. நான் கலந்துகொண்ட ஓர் அரங்கில் முதற்கவிதை ஒலிக்குமுன் ஐம்பது நிமிடம் சென்றுவிட்டது. தொடக்கத்தில் இருந்த இளையோர் எவரும் அதற்குள் எஞ்சியிருக்கவில்லை. திரையில் வெளியேறுவோர் எழுந்து நடக்கும் ஓசையும் கேட்பதில்லை; ஆதலால் உரையாற்றுபவருக்கு அது தெரியவும் இல்லை.

இதனால் இணைய அரங்கு கவிதையோடு தொடங்குதல் வேண்டும். வணக்கம் கூறுமுன்பே ஒரு கவிதை. பின்னர் அதை எழுதியவர் யார், நூல் எது என்று ஓரிரு வாக்கியம். எழுபத்தைந்து நிமிட அரங்கில் ஐந்து கவிஞர்கள், ஆளுக்கு இரண்டு கவிதைகள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தல் என்பது கைக்கொள்ளத்தக்க அளவு. இரண்டு முறை என்பது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். பொருள் திரண்டு நிற்கும் கவிதையை ஒருமுறை கேட்டுப் பொருள்கொள்ளல் எளிதன்று. முதல்முறை எழுத்தின்றிக் கேட்பதும் இரண்டாம் முறை எழுத்தைத் திரையிற் கண்டு கேட்பதும் வேறு வேறு அனுபவங்கள்.

குரல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு வட்டார வழக்கைவிடச் சிறந்த சான்று இல்லை. மலையகக் கவிஞர் ஒருவரின் கவிதையில் 'லயம்' என்று வந்தால் சென்னை வாசகர் தாளத்தோடு தொடர்புடைய லயத்தை எண்ணக்கூடும். கவிஞர் சொல்வதோ தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பை. மலேசியக் கவிதையில் வரும் 'பால்மரம்' இறப்பர் மரம் என்பதைக் கனடாவில் பிறந்தவர் அறியார். யாழ்ப்பாணத்தார் கவிதையில் 'உது', 'உவன்' என்னும் சொற்கள், சொல்பவனுக்கும் தொலைவுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தைச் சுட்டுவன. தொல்காப்பியர் கூறிய உகரச்சுட்டு இன்னும் பேச்சில் உயிரோடிருக்கும் இடம் அது. அச்சில் அடிக்குறிப்பு இதனை விளக்கும். ஆனால் 'உவன்' என்பதில் அடங்கியுள்ள நெருக்கத்தையும் சற்றே இளக்காரத்தையும் அந்த ஊர்க்குரல் அன்றி வேறெதுவும் விளக்காது. றகர இரட்டிப்பை யாழ்ப்பாணத்தார் ஒலிக்கும் முறையும் தமிழ்நாட்டார் ஒலிக்கும் முறையும் வேறுபடுவதால் சில அடிகளின் ஓசையே மாறிவிடுகிறது. தொகுத்தவர் ஓர் ஊரினர், கவிஞர் ஐந்து ஊரினர் எனில், எல்லாவற்றையும் தொகுத்தவரே வாசிப்பது ஐந்து கவிஞரையும் ஓர் ஊரினராக்கிவிடும்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரை எண்ணும்போது இது மேலும் முக்கியமாகிறது. அவர்களுட் பலர் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வர். எழுத்தைத் தயங்கித் தயங்கியே வாசிப்பர். அச்சிட்ட தொகைநூலின் வாயில் அவர்களுக்குப் பாதி மூடியது. ஒஸ்லோவில் பிறந்த ஒரு பெண், தம் தாயாரின் தலைமுறைக் கவிஞர் ஒருவரின் கவிதையை நோர்வேஜிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஓர் அரங்கில் வாசித்தார். வாசித்து முடித்தபின் கவிஞர் தாமே அதனை மீண்டும் வாசித்துக் காட்டினார். திருத்தம் எதுவும் கூறவில்லை. மொழிபெயர்ப்பை முதலில் வாசித்துப் பின்னர் மூலத்தை வாசிக்கும் அரங்குகள் பல உண்டு. இவ்வரிசையை நான் ஏற்பதில்லை. மூலம் முதலில் ஒலிக்கட்டும். விளங்காத ஒலியாகவேனும் ஒலிக்கட்டும்.

தொழில்நுட்பத்தில் ஒன்றே கூறலாம். காணொளிச் செயலிகள் பின்னணி இரைச்சலை நீக்குவதாகக் கருதி மெல்லிய குரலையும் இழுத்துப் பாடும் ஓசையையும் அரிந்துவிடுகின்றன. விருத்தத்தை இசையோடு பாடுவோர் சூமில் 'மூல ஒலி' என்னும் தெரிவை இயக்கிக்கொள்ள வேண்டும். செயலிகள் தாமாகத் தரும் எழுத்தாக்கம் வட்டார வழக்குக்கு நம்பத்தக்கதன்று. கவிதையின் பாடத்தை முன்கூட்டியே தட்டச்சிட்டுத் திரையில் இடுவதே முறை.

இசைவு

அச்சிடுவதற்குக் கவிஞர் தந்த இசைவு, அவர் முகத்தையும் குரலையும் பதிந்து உலகுக்குக் காட்டுவதற்கான இசைவு ஆகாது. இவ்வேறுபாட்டை நம் ஏற்பாட்டாளர் பலர் கருத்திற் கொள்வதில்லை. புனைபெயரில் எழுதுவோர் அனைவரும் அழகுக்காக அதனை ஏற்றவரல்லர். ஊரில் வாழும் ஒருவருக்குத் தம் முகம் திரையில் தெரிவது நாளை இடராக முடியலாம். புகலிடக் கோரிக்கை முடிவுறாத ஒருவருக்கும் அவ்வாறே. ஆதலால் நேரலையில் தோன்றுதல், பதிவை வைத்திருத்தல், பொதுவில் வெளியிடல், ஆய்வாளருக்கு மட்டும் திறத்தல் என்னும் நான்கையும் தனித்தனியே கேட்டு எழுத்தில் பெறுதல் வேண்டும். முகமின்றிக் குரல் மட்டும், அல்லது வேறொருவர் வாசிக்கத் தாம் அமைதியாகக் கேட்டிருத்தல் என்னும் தெரிவுகளும் கவிஞர்க்கு இருக்கட்டும்.

மறைந்த கவிஞரின் கவிதையை யார் வாசிப்பது என்பது இதனினும் நுண்ணியது. சட்டப்படி உரிமையுடையோர் குடும்பத்தினர். கவிதையை அருகிருந்து கேட்டோர் நண்பர்கள். இருதிறத்தாரும் எப்போதும் ஒத்த கருத்தினராக இருப்பதில்லை. கவிஞரின் மறைவுக்கு எந்தத் தரப்பு காரணம் என்பதிலேயே கருத்துமாறுபாடு நிலவும் சூழலில், அரங்கில் ஓர் அறிமுக வாக்கியம்கூடப் பூசலை எழுப்பும். அந்த வாக்கியத்தைத் தொகுத்தவர் முன்னரே எழுதி, உரியவர்க்குக் காட்டி, அதனையே வாசித்தல் தக்கது. உடனடியாக நாவில் வருவதைப் பேசும் துணிவு இங்கு வேண்டாம்.

பிரதியும் பதிவும்

அரங்கில் கவிதையைக் கேட்டு நூலை வேண்டுவோர் அன்றே அதனைப் பெறும் வழி இருத்தல் வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சான நூலை ஒற்றைப் பிரதியாகக் கடல்கடந்து அனுப்பினால் தபாற்செலவு நூலின் விலையை மிஞ்சிவிடும். உலா தொடங்குமுன் ரொறன்ரோ, இலண்டன், சிங்கப்பூர், சிட்னி போன்ற நகரங்களுக்கு ஒரு பெட்டி வீதம் அனுப்பி, அந்தந்த நகரத்து அமைப்பிடம் ஒப்படைத்து, உள்நாட்டுத் தபாலில் விடுவிப்பதே பொருந்தும். அரங்கை நடத்துவோரே பிரதிகளையும் காத்திருந்தால் விற்பனைக் கணக்கும் எளிது. சாமிநாதையர் காலத்துக் கையொப்ப முறையை மீண்டும் கைக்கொண்டு, முதலரங்குக்கு முன்பே பெயர்ப்பட்டியல் திரட்டும் தொகுப்பாளர், எத்தனை பிரதிகள் எந்த நகரத்துக்கு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

ஆய்வு நூலகங்கள் இதில் தனியிடம் பெறுகின்றன. வாசகர் ஒருவர் வாங்கிய பிரதி அவர் வீட்டோடு முடியலாம். நூலகப் பிரதி அவ்வாறு முடிவதில்லை. கனடாவில் ஒரு நூலை நூறு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிகள் அச்சிடும் பதிப்பாளர் தேசிய நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்குமாக இரண்டு பிரதிகளை ஒப்படைத்தல் சட்டக் கடமை. பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் பிரித்தானிய நூலகத்துக்கு ஒரு பிரதி சேரவேண்டும். வீட்டு மேசையிலிருந்து நூல் வெளியிடும் நம்மவருட் பலர் இதனைச் செய்வதில்லை; சர்வதேச நூலெண்ணும் பெறுவதில்லை. கனடாவிலும் இந்தியாவிலும் அவ்வெண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அஃதில்லாத நூலை நூலகரோ நூல்வணிகரோ தேடிக் கண்டடைதல் கடினம். அரங்கு எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் அதனைக் கேட்ட பேராசிரியர் தம் நூலகத்துக்குப் பரிந்துரைக்க வழியிராது. பெயர்களையும் முதலிலேயே ஒழுங்குசெய்தல் நன்று. சேரன் தமிழில் ஒருவகையாகவும் ஆங்கிலத்தில் முதலெழுத்தோடும் அறியப்படுபவர். நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறையில் அவர் பெயர் மூன்றாம் வடிவம் கொள்ளும். நாற்பது கவிஞரின் பெயர்களைத் தமிழிலும் அவரவர் விரும்பும் உரோமன் வடிவிலும் நூலின் இறுதியில் ஒரு பக்கத்தில் அச்சிட்டால் பட்டியலாக்குவோர் வாழ்த்துவர்.

இனிப் பதிவுகள். முகநூல் நேரலையிலோ யூரியூப்பிலோ இட்டுவிட்டால் அரங்கு காக்கப்பட்டது என்று கருதுவது பெரும் மயக்கம். 2000களில் தமிழ் இலக்கிய உரையாடல் செழித்த இடங்களுள் யாஹூ குழுமங்களும் அடங்கும். 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' முதலியவற்றில் நிகழ்ந்த விவாதங்களை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர். யாஹூ நிறுவனம் 2020 டிசம்பரில் குழுமச் சேவையை முற்றாக மூடிற்று. வணிக நிறுவனம் ஒன்று தன் கணக்கைப் பார்த்து எடுத்த முடிவு அது. நம் இலக்கிய வரலாறு அதன் கணக்கில் இல்லை. இன்றைய காணொளித் தளங்களுக்கும் அந்நாள் வரலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் பல்கலைக்கழகக் காப்பகங்களும் ஒலி, ஒளிப் பதிவுகளைப் பேணும் பணியில் இறங்கியிருப்பதால் ஒப்படைப்பதற்கு இடமில்லை என்று கூறுவதற்கில்லை.

ஒப்படைக்கும்போது மூன்று மணிநேரக் காணொளியை அப்படியே தந்துவிடுதல் போதாது. கவிதை ஒவ்வொன்றும் தனிக் கோப்பாகப் பிரிக்கப்படவேண்டும். அதனோடு கவிஞர் பெயர், வாசித்தவர் வேறாயின் அவர் பெயர், கவிதைத் தலைப்பு, நூலில் அதன் பக்க எண், வாசித்த நாளும் இடமும், அச்சுப் பாடத்திலிருந்து கவிஞர் வாய்மொழியாக மாற்றிய சொற்கள், அவர் தந்த இசைவின் எல்லை ஆகியன எளிய எழுத்துக் கோப்பில் இணைக்கப்படவேண்டும். வாசிக்கையில் ஒரு சொல்லை மாற்றிய கவிஞர், அடுத்த பதிப்பில் அச்சொல்லையே வேண்டக்கூடும். அல்லது பழைய சொல்லையே நாடக்கூடும். எதுவாயினும், இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்புப் பார்க்க அமரும் தொகுப்பாளரின் மேசையில் அந்தக் கோப்பும் திறந்திருத்தல் வேண்டும்.